பட்டைவாளின் நிறங்கள்

சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருடங்களில் பத்து வயதை ஒட்டி இருந்தவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் நினைவிருக்கும். கடற்படை துறைமுகத் தண்ணீருக்குள் போடும் வெடிகளின் அதிர்வு நின்று, யன்னல் கண்ணாடிகள் சும்மா இருக்கப் பழகிய காலம். மூடிக் கிடந்த பாதைகள் திறந்து, வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கிய காலம். எல்லார் வீட்டுக்கும் யாரோ வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரும்பு வந்தது.

நினைவுகளை எழுதும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை என்றுதான் தோன்றுகிறது. நாலு வயதாகப் போகும் ஒரு மகள் இருக்கிறாள். கணவர் கத்தாரில். மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு, கேற்றைப் பூட்டினேனா என்று பாதி வழியில் நின்று யோசித்து, ஓடி வந்து பார்த்து, அது பூட்டியிருப்பதைக் கண்டபின் உட்கார்ந்து எழுதுகிறேன். சில இடங்களில் பிழையாக நினைவு வைத்திருக்கலாம். அம்மாவிடம் கேட்கக் கூடியதைக் கேட்டுச் சரிபார்த்தேன். கேட்கக் கூடாதவை என்று நான் நினைத்திருந்தவற்றையும் கடைசியில் கேட்டேன்.

எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. பழைய மரவேலை மெசின்களைத் தேடிச் சேகரிக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து பேசினார். எங்கள் வளவுக் கொட்டிலில் ஒரு பட்டைவாள் மெசின் நிற்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். மேலே ஒன்று கீழே ஒன்றாக, தோணிக்காரர் வலை போட்டு வைக்கும் கூடையைவிடப் பெரிய இரண்டு சில்லுகள். அவற்றைச் சுற்றி நாடாவைப் போல ஓட வேண்டிய நீண்ட வாள். நடுவில் மரத்தை வைத்துத் தள்ள ஓர் இரும்பு மேசை. எங்களுடையதில் வாளும் இல்லை, மோட்டரும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது ஒரு விறகுக் கட்டையைக்கூட அறுத்ததில்லை. அதை வாங்க வேண்டும் என்றார் அவர். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் லொறி அனுப்பலாமாம்.

கணவரிடம் சொன்னேன். “குடுத்துவிடும். பிள்ளை ஓடித் திரியிற இடம். கையைக் காலை வெட்டினா என்ன செய்யிறது?” என்றார். நியாயமான கதைதான். துரு, காயம், ஏற்பூசி, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் அவருக்கு முன்னமே நான் யோசித்து முடித்திருந்தேன். இருந்தும் அந்தக் கொழும்புக்காரருக்கு ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “அது உன்ர அப்பாவின்ர சாமான். நீ யோசிச்சுச் செய்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அப்பா இல்லை. அவர் செத்து மூன்றாவது தவக்காலம் வரப்போகிறது. கொடுப்பதா, வைத்திருப்பதா என்ற முடிவு என்னிடம் வந்து நின்றது.

வீடும் வளவும் அம்மாவின் சீதனம். மாதா கோயிலடியிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் கடைசிக்கு முதல் வீடு. பின்வளவில் அம்மாவின் அப்பா லொறி விட்ட கொட்டில் ஒன்று இருந்தது. லொறி போய் நெடுங்காலமாகி, அதில் விறகும் காய்ந்த ஓலையும் கிடந்தன.

அப்பா கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதர். மெலிந்த ஆள், வெள்ளைச் சேர்ட், பொக்கற்றில் இரண்டு பேனை. கையால் செய்யும் எந்த வேலையும் அவருக்கு வராது. அந்தப் பருவத்தில், ஏன் என்று ஒருவருக்கும் சொல்லாமல், பழைய மரவேலை மெசின்களைக் கொண்டு வரத் தொடங்கினார். முதலில் மூடிக் கிடந்த கதிரைப் பட்டறை ஒன்றிலிருந்து கடைசல் மெசின். பிறகு பலகை சீவும் மெசின். பிறகு துளை போடும் மெசின், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு மாதிரி.

“படம் கொழுவ ஆணி அடிக்கப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுற மனுசன்” என்பார் அம்மா, கேட்க யாரும் இல்லாவிட்டால் என்னைப் பார்த்து. “ஊராக்கள் வெளிநாட்டுச் சாமான் கொண்டு வருகினம். இவர் துரு கொண்டு வாறார். அதுவும் என்ர வளவுக்குள்ள.”

அப்பா “இருக்கட்டும்” என்பார்.

ஒழுங்கையில் என் வயதில் வேறு பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுச் சிநேகிதி குடும்பத்தோடு கனடா போனது அதற்கு முதல் வருடம். அவர்கள் மதிலில் நாங்கள் கரியால் கீறிய பூனை மட்டும் மழைக்கு மழை மெலிந்துகொண்டு நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கொட்டிலுக்குள் போய், கவிழ்த்து வைத்த மண்ணெண்ணெய்ப் பீப்பாவில் இருப்பேன். அப்பா எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. நான் இருப்பது அவருக்குத் தெரியுமா என்றுகூடச் சில நேரம் எனக்குச் சந்தேகம். அவர் குனிந்து ஒவ்வொரு மெசினையும் முகர்ந்து பார்ப்பதைப் போலப் பார்ப்பார். நான் சில்லின் ஆரக்கால்களை எண்ணுவேன். எண்ணி முடித்தால் மறுபடியும் எண்ணுவேன்.

அவற்றை ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் யார் செய்தார்கள், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று அறிய விரும்பினார். ஆரக்கால் நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, நட்டுக்கு எந்த அளவுச் சாவி பொருந்துகிறது, மேசையின் ஓரத்தில் இலக்கம் அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். செய்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றிலும் இருந்ததில்லை. மெசின் கைமாறும்போது பித்தளைதான் முதலில் கழன்று போகும். தகடு இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை மிஞ்சும். அந்தத் துளைகளின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, தபால் கந்தோருக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த இணையக் கடைக்குப் போவார். அங்கே ஒரு படம் திறந்து முடிவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம்.

பட்டைவாள் வந்தது மழைக்குச் சற்று முன்னர். அம்மாவுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போக இருந்ததால் என்னை அப்பாவோடு அனுப்பினார். மூதூர் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்தோம். அப்பா ஒரு பக்கம் தண்ணீரைப் பார்த்தார், நான் மறுபக்கம். மூதூரிலிருந்து லொறியில் கட்டைபறிச்சானுக்கு அப்பால், சண்டையில் கூரை போன மரமறுக்கும் மில் ஒன்றுக்குப் போனோம். சுவர்கள் இடுப்பளவில் நின்றன. நடுவில் அந்த மெசின் மட்டும் நிமிர்ந்து நின்றது, மேல் சில்லுக்குள் காட்டுக்கொடி பின்னியபடி. மில் மூடி இத்தனை வருடமாகியும் மண்ணைக் காலால் கிளறினால் மரத்தூள் மணத்தது.

எங்களுக்கு முன்னமே தோப்பூர் இரும்புக் கடைக்காரர் அங்கே நின்றார். அங்கிருந்த இரும்பு முழுவதையும் அவர் பேசி வாங்கிவிட்டார். சம்மட்டியோடு ஆட்களும் நின்றார்கள். உடைத்தால்தான் ஏற்றலாம். அப்பா, உடைக்காமல் தனக்குத் தரும்படி கேட்டார்.

“சேர், இது மரம் அறுக்கிற மெசின். உங்கட வீட்ட மரம் இரிக்கா?”

“இல்லை.”

“அறுக்கத் தெரிஞ்ச ஆள்?”

“இல்லை.”

“அப்ப இது அங்க வந்து என்ன செய்யும்?”

“நிக்கும்” என்றார் அப்பா.

“சும்மா நிக்கிறதுக்கு எங்கட மூத்த மருமகன் இரிக்கார் சேர். அவரையும் ஏத்தி விடுறன். சாப்பாடு மட்டும் குடுங்க.”

ஆட்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு சில்லுகளையும் தாங்கி நிற்கும் பெரிய இரும்பு வளைவில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். சாம்பல் நிறப் பெயின்ற் செதிலாகக் கழன்ற இடத்தில் கீழே கடும் பச்சையும், அதன் மேல் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடும் தெரிந்தன.

“இதில எழுத்திருக்கு. செய்த ஆக்கள் கையால எழுதினது.”

“எழுத்துத்தானே சேர். ஒரு கடதாசியில எழுதி எடுத்துட்டுப் போங்களேன்.”

“முழுக்கத் தெரியேல்லை. மேலால பெயின்ற் கிடக்குது. ஆறுதலாக் கழுவித்தான் பாக்க வேணும். உடைச்சா ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்.”

இரும்புக் கடைக்காரர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆட்களிடம் சம்மட்டியைக் கீழே வைக்கச் சொன்னார்.

கழற்றி லொறியில் ஏற்றினார்கள். கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை. லொறியை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற்றி அக்கரை சேர்ந்தோம். காவலரணில் ஒரு சிப்பாய் ஏறி வந்து, சில்லு எதற்கு என்று கேட்டார். அப்பா தெரிந்த சிங்களத்தில் சொன்னார். சாய்த்து வைத்திருந்த சில்லைச் சிப்பாய் கையால் ஒரு முறை சுழற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றியது. நிற்கும் வரை சிப்பாயும் அப்பாவும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முழுவதும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

அம்மா கேற்றடியில் நின்றார். “இது எத்தின நாளைக்கு?” என்றார். அடுத்த கிழமையே உடுப்புக் காயப்போடும் கொடியின் ஒரு நுனியை மெசினின் வளைவில் கட்டினார். அப்பா கந்தோரால் வந்து, ஈர உடுப்பு ஒன்றும் நிலத்தில் விழாமல் அந்த முடிச்சை அவிழ்த்து முருங்கையில் கட்டினார். 

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். பூசை முடிந்து வந்ததும் அப்பா சாரம் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியும் தேய்ந்த சவரத் தகடும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போவார். சாம்பல் பெயின்ற்றுக்குக் கீழே ஒரு காவி, அதற்குக் கீழே பச்சை, பச்சையின் மேல் எழுத்து. மெசினை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் தன் காலத்தில் ஒரு நிறம் பூசியிருக்கிறார். அப்பா ஒரு நாளைக்கு நெருப்புப்பெட்டி அளவு இடம்தான் கழுவுவார். கொஞ்சம் அழுத்தினாலும் தங்க எழுத்து துணியோடு வந்துவிடும். கூரையில் மழை பெய்யும். மண்ணெண்ணெய் மணம், ஈரச் சாக்கு மணம், அப்பாவின் மூச்சு. முதலில் ஒரு வளைவு தெரிந்தது. பிறகு ஒரு நேர்கோடு. நத்தார் நெருங்கும்போது மூன்று எழுத்துக்கள் வெளியே வந்திருந்தன. அவற்றுக்கு முன்னும் பின்னும் சாம்பல்.

அம்மாவுக்கு அவர் இதைச் சொன்னாரா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சொன்னார் என்றுதான் நினைவு. மத்தியானச் சாப்பாட்டில், “எழுத்து வருது” என்றார். அம்மா எனக்கு மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். “ஓம்” என்றார். சொல்லியாகிவிட்டது என்று அப்பாவும், கேட்டாகிவிட்டது என்று அம்மாவும் நினைத்திருப்பார்கள்.

ஈரக் காற்றில் பெயின்ற் ஊறிப் போயிருக்கிறது, மிச்சத்தைத் தை மாதம் வெயிலில் பார்க்கலாம் என்று அப்பா நிறுத்தினார். நத்தாருக்கு முந்தின கிழமை கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போனார்.

எங்கள் கோயில் பங்கில் நத்தாருக்கு முன்னர் பெயின்ற் அடிக்காத வீடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மதிலுக்கு வெள்ளை, கதவு யன்னலுக்குப் பெயின்ற், கதிரைக்கும் அலுமாரிக்கும் வார்னிஷ். வசதி குறைந்தவர்கள் வாசல் கதவுக்காவது அடிப்பார்கள். வீட்டில் சேர்ந்தது என்றால் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டது வீட்டில் சேராதது.

அன்று நான் கரோல் பயிற்சிக்குப் போயிருந்தேன். பின்னேரம் வந்தபோது பெயின்ற்காரர் கிணற்றடியில் புறுசு கழுவிக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள் பட்டைவாள் வெள்ளியாக நின்றது. கேற்றுக்கும் சவக்காலைச் சிலுவைகளுக்கும் அடிக்கும் அந்த வெள்ளிப் பெயின்ற். சில்லு, வளைவு, கால் எல்லாம் மினுங்கின. இரும்பு மேசையில் அம்மா வைக்கோல் பரப்பிப் பாலன் குடிலை வைத்திருந்தார். வழமையாக அது முன்விறாந்தையில் வைப்பது.

“அப்பா வந்து பாக்கட்டும்” என்றார் அம்மா. அவருடைய மூக்கு நுனியிலும் கொஞ்சம் வெள்ளி. “அவரின்ர சாமானையும் ஒரு சாமானா வச்சிருக்கு.”

“மேலால சும்மா அடிச்சா உரிஞ்சு வரும் அக்கா” என்றார் பெயின்ற்காரர். “கம்பிப் புறுசால அடி இரும்பு தெரியுமட்டும் தேய்ச்சுத்தான் அடிச்சனான். கனகாலத்துக்குப் பாக்கத் தேவையில்லை.”

எனக்கு அழகாகத்தான் இருந்தது. அப்பாவின் எழுத்துக்கள் வெள்ளியிலும் தெரியும் என்று தேடிப் பார்த்தேன். எழுத்து பெயின்ற்றிலேயே இருந்தது, இரும்பில் இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கியிருக்காது.

அப்பா நத்தாருக்கு முதல் நாள் வந்தார். பையைக்கூட வைக்காமல் அம்மாவுக்குப் பின்னால் கொட்டிலுக்கு வந்தார். பார்த்தார். கையை நீட்டி வளைவைத் தடவினார், மூன்று எழுத்தும் இருந்த இடத்தில்.

“சுரண்டினவரோ?”

“ஓம், நல்லாச் சுரண்டித்தான் அடிச்சவர். அரைகுறையா அடிச்சா நிக்குமே” என்றார் அம்மா. “எப்பிடி?”

அப்பா கையை எடுத்தார். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, காய்ந்திருந்தது. “நல்லது” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. ஏறும் சத்தம் கேட்க நெடுநேரமாயிற்று. அம்மா குடிலில் விழுந்திருந்த ஓர் ஆட்டுக்குட்டியை நிமிர்த்தி வைத்தார். சரியாகத்தான் நின்றது; மறுபடியும் நிமிர்த்தி வைத்தார்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அப்பா பூசைக்கு வந்தார், கேக் சாப்பிட்டார், வந்தவர்களோடு கதைத்தார். ஞாயிற்றுக்கிழமை கொட்டிலுக்குப் போகவில்லை. தை மாதம் தோப்பூர் இரும்புக் கடைக்காரரை வரச்சொல்லி மற்ற மெசின்களை ஏற்றிவிட்டார். “வெள்ளியை மட்டும் விடுங்கோ. அது வீட்டுக்காரியின்ர” என்றார். அப்பா உள்ளே போனபின், லொறியடியில் நின்ற அம்மாவிடம் இரும்புக் கடைக்காரர் கேட்டார்:

“அந்த எழுத்து என்னாச்சு அக்கா? அந்த எழுத்துக்குத்தானே சேர் எங்கிட்ட மல்லுக்கட்டி வாங்கினார்.”

அம்மா என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.  லொறி போய் நெடுநேரம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்திரைக்கு முன்னர் அப்பா வவுனியாவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாதம் ஒரு தடவை வருவார். பங்கில் சிலர் அங்கே அவருக்கு வேறு யாரோ இருப்பதாகக் கதைத்தார்கள். அப்படி ஒருவரும் இல்லை. நான் பிறகு போய்ப் பார்த்த அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, சுவரில் எங்கள் மூவரின் படம், அதுவும் யாரையோ கூப்பிட்டுக் கொழுவியிருப்பார். வெள்ளி நிறம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் போய்விட்டார் என்றே நான் கனகாலம் நினைத்திருந்தேன். கொட்டிலில் பீப்பாவில் போய் இருந்து, அவர் வந்தால் வேறு நிறம் அடிக்கலாம் என்று யோசிப்பேன்.

வேறு நிறம் அடிக்கப்பட்டது. அடுத்த நத்தாருக்குக் கதவுகளுக்கு வாங்கிய நீலத்தில் மிச்சத்தை அம்மா அந்த மெசினுக்கும் அடிக்கச் சொன்னார். அதற்கடுத்த வருடம் வேறொன்று. சண்டை மறுபடி தொடங்கியது, முடிந்தது. நான் படித்தேன், கலியாணம் செய்து கொழும்புக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்று வீட்டுக்கே வந்து சேர்ந்தார். கணவர் கத்தாருக்குப் போக, நானும் மகளோடு இங்கே வந்துவிட்டேன். ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த மெசின் கதவுகளின் நிறத்தில் நின்றது. ஏன் அம்மா அதை விடவில்லை என்று எனக்கு இப்போதுதான் ஒரு ஊகம் வருகிறது. நிறுத்தியிருந்தால் முதல் தடவை அடித்தது பிழை என்று ஆகிவிடும். தொடர்ந்து அடித்தால் அது வழக்கம்.

கொழும்புக்காரர் போன கிழமை மறுபடியும் பேசினார். மெசினை யார் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பெயர், தகடு ஒன்றும் இல்லை என்றேன். வளைவில் ஓரிடத்தில் பெயின்ற்றைக் கொஞ்சம் சுரண்டி, ஆகக் கீழே என்ன நிறம் என்று படம் எடுத்து அனுப்ப முடியுமா, நெருப்புப்பெட்டி அளவு போதும் என்றார். நெருப்புப்பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயும் சவரத் தகடும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா செய்ததைப் போல மெதுவாகச் சுரண்டினேன். போன வருடத்து மண்ணிறம் முதலில் வந்தது. அதற்கு முந்தின வருடம், அப்பா செத்த வருடம், துக்கமென்று வீட்டில் ஒன்றுக்கும் பெயின்ற் அடிக்கவில்லை. மண்ணிறத்துக்குக் கீழே பச்சை. அது அப்பா இருந்த கடைசி நத்தார். பச்சைக்குக் கீழே வெள்ளி.

இவ்வளவு மேலே வெள்ளி இருக்க முடியாதே, அது ஆகக் கீழே அல்லவா இருக்க வேண்டும். இன்னும் கீழே போனேன். என் கலியாண வருடத்து வெண்மஞ்சள் வந்தது. நான் பல்கலைக்கழகம் போன வருடத்துக் கடும் நீலம். சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் கடையில் கிடைத்த ஒரே நிறமான அந்த அசிங்கமான ஊதா. கதவுகளின் நிறம் அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு பிஸ்கற் தடிப்புக்கு இருந்தன. அவற்றில் ஆகக் கீழே நீலம், அதற்குக் கீழே முதல் வெள்ளி, அதற்குக் கீழே வெறும் இரும்பு. பெயின்ற்காரர் சொன்னது உண்மை. நன்றாகத்தான் தேய்த்திருக்கிறார். எழுத்தின் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. அந்த மெசினைச் செய்தது யார் என்று இனி ஒருவருக்கும் தெரியவராது.

ஆனால் வெள்ளி இரண்டு இருந்தது.

அம்மா குசினியில் பயத்தம் மா வறுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மெசினுக்கு வெள்ளி ரெண்டு தரம் அடிச்சனீங்களோ?”

“இல்லை. அந்த ஒரு நத்தாரோட வெள்ளி வாங்கிறதை விட்டுட்டன்.”

“மேலுக்கும் ஒண்டு இருக்கு. பச்சைக்குக் கீழ.”

அகப்பை ஒரு சுற்று நின்று, மறுபடி துழாவத் தொடங்கியது.

“அது அப்பா அடிச்சது.”

“எப்ப?”

“நீ பிள்ளைப்பெறுவுக்குக் கொழும்பில கிடந்த நத்தாருக்கு. நான் உன்னோட நிண்டனான்தானே. அவர் இஞ்ச தனிய. தை மாசம் வந்து பாக்கிறன், கதவு யன்னல் ஒண்டுக்கும் அடிக்கேல்லை. அதுக்கு மட்டும் அடிச்சிருக்கிறார். தன்ர கையால. நிலமெல்லாம் சிந்தி, சில்லில ஒரு பக்கம் விட்டுப்போய். உன்ர அப்பாவுக்கு ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியுமே.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நல்லது எண்டனான்.”

“அவர்?”

“அவர் என்னத்தைச் சொல்லுறது. தேத்தண்ணி கேட்டவர். போட்டுக் குடுத்தனான்.” மாவை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அடுத்த நத்தாருக்குப் பச்சை அடிச்சனான். வெள்ளி அழுக்குப் பிடிக்கும்.”

அன்று பின்னேரம் கணவர் அழைத்தார். இதையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். நாங்கள் நாள்தோறும் கதைக்கிறோம்: பிள்ளை சாப்பிட்டாளா, காய்ச்சல் விட்டதா. கதைத்தாகிவிட்டது என்று நானும் நினைக்கிறேன், அவரும் நினைக்கிறார். இடையில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தாலும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமில்லை. எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல், “கேக்குதா?” என்றேன்.

“கேக்குது” என்றார். “அப்ப அது நிக்கட்டும். சில்லுக்குக் கிட்டப் பிள்ளை போகாத மாதிரி ஒரு மறைப்புக் கட்டும்” என்றார்.

கொழும்புக்காரருக்குப் படத்தை அனுப்பி, கொடுப்பதாக இல்லை என்றும் எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார். எங்கள் பெயின்ற் எல்லாவற்றையும் மணலைப் பீச்சியடித்துக் கழற்றிவிட்டு, பொருத்தமான ஏதோ ஒரு பச்சை பூசுவதாகத்தான் நினைத்திருந்தாராம். நான் செய்தது சரியா என்று இப்போதும் நிச்சயமில்லை. இரும்பு இரும்புதான், பிள்ளை பிள்ளைதான். கீழ்ச்சில்லைச் சுற்றிச் சாக்குக் கட்டியிருக்கிறேன். நாளுக்கு இரண்டு முறை போய் முடிச்சை இழுத்துப் பார்க்கிறேன்.

இன்று காலை பெயின்ற்காரர் வந்தார். அதே ஆள்தான், இப்போது ஏணியில் ஏறுவதில்லை. கதவுகளை முடித்துவிட்டுக் கொட்டிலுக்கு வந்து, நான் சுரண்டிய இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார்.

“பிள்ளை, இது செதில் செதிலாக் கிளம்பி நிக்குது. இந்த முறையாவது சுரண்டி அடிப்பம்.”

“முந்தி ஒருக்காலும் சுரண்டேல்லையோ?”

“முதல் தரம் சுரண்டினதுதான். அதுக்குப் பிறகு உங்கட அம்மா விட்டாத்தானே. நான் கம்பிப் புறுசை எடுத்தாலே முன்னுக்கு வந்து நிண்டிடுவா. மேலால அடிச்சா நிக்காது எண்டு எத்தின வருசம் சொல்லிப்போட்டன்.” கையில் கம்பிப் புறுசு இருந்தது. “என்ன, சுரண்டட்டோ?”

“வேண்டாம் அண்ணை. மேலால அடியுங்கோ.”

“நிக்காது.”

“நிக்கிற மட்டும் நிக்கட்டும்.”

குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டார்: “என்னவாம்?”

“சுரண்டட்டோ எண்டு கேக்கிறார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“வேண்டாம் எண்டனான்.”

அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம் கேட்டது.

“நல்லது” என்றார் அம்மா.